தற்காலிகமாகப் போட்ட ஒயர்

எங்கள் ஊர் ஆண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டிலாவது தண்ணீர்க் குழாயையோ ஃப்யூஸ் பெட்டியையோ பழுது பார்க்கப் போனால், ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பு இடுப்பில் கை வைத்து நின்று, தலையை மெல்ல ஆட்டி, "இதை யார் செஞ்சது உங்களுக்கு?" என்று கேட்பார்கள். கேட்காமல் வேலையைத் தொடங்கியவனை நான் பார்த்ததில்லை. அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முன்பு வந்தவன் மடையன், இப்போது வந்திருப்பவன் கெட்டிக்காரன், அவனுக்கு உடனே காப்பியும் சின்னக் கிளாசில் ராக்கியா என்கிற பழச் சாராயமும் வர வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

என் கணவர் ராதோயே டிராம் பணிமனையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். போன செப்டம்பரில் ஓய்வுபெற்றார். பணிமனையில் தினமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அதன் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சமையலறை விளக்கைக் கழற்றிவிட்டு, இதை யார் செஞ்சது என்றார். வாசல் மணியைக் கழற்றிவிட்டு அதையே கேட்டார். இரண்டையும் செய்தவர் அவரேதான். நான் அதைச் சொன்னதும், அவசரத்துக்குத் தற்காலிகமாகச் செய்தது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் தற்காலிகமாகச் செய்தவைதான் நிலைத்து நிற்கின்றன. ஒழுங்காகச் செய்கிறேன் என்று அவர் தொட்டது எதுவும் மறு வருஷம் பார்த்ததில்லை.

எங்கள் வீடு ஜெமுனில், தானூப் நதிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மாடி முழுவதும் ஒரு காலத்தில் ஒரு டாக்டரின் வீடாக இருந்ததாம். போருக்குப் பிறகு நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். தெருப் பக்கம் எங்களுக்கு, முற்றத்துப் பக்கம் நெவேன்காவுக்கு. சுவரை எழுப்பியவர்களுக்குச் செங்கல் பற்றாக்குறையோ என்னவோ, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் வாழ்த்துச் சொல்லலாம். குளியலறைகள் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டியவை. சுவருக்குள் இருக்கும் ஒயர்கள் மட்டும் வீடு இரண்டானது தெரியாமல் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று ராதோயே சொல்வார். அவற்றில் எது எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியாது.

எங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கறுப்பு பேக்லைட், நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு மூக்கு. மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் வீட்டில் ஒன்றும் நடக்காது. உள்ளே ஸ்பிரிங் கெட்டு, கீழே தள்ளிவிட்டால் மூக்கு தானாக மேலே ஏறிவிடும். செத்த சுவிட்ச் என்றுதான் அதற்குப் பெயர். அதற்கும் மேலே ஒரு கொக்கி இருந்தது, தொப்பி மாட்ட. ராதோயே ஓய்வுபெற்ற வாரமே கொக்கி உடைந்தது. நாளைக்குப் புதிதாக அடிக்கிறேன் என்றார். அதுவரை தற்காலிகமாகத் தொப்பியைச் செத்த சுவிட்சின் மூக்கில் மாட்டிவைத்தார்.

நெவேன்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், பேக்கரியில் வேலை செய்து ஓய்வுபெற்றவள், வாய்த் துடுக்கு. அவள் கணவர் ஸ்வெதோசார் போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இறந்துவிட்டார். ஒரே மகன் போயான் நோவி சாத் நகரத்தில் இருக்கிறான். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி அம்மா, அவ்வளவுதான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் காப்பி கலக்கி முடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

அக்டோபரில் அவள் ஒரு நாள் என்னிடம், ஸ்வெதோசார் வருகிறார் என்றாள். எங்கே வருகிறார் என்றேன். குளியலறைக்கு என்றாள். சனிக்கிழமை மதியமானால் ஹீட்டர் தானாகவே எரிய ஆரம்பிக்கிறதாம். அவள் சுவிட்சைத் தொடுவதே இல்லையாம். சிவப்பு விளக்கு எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதிக்கிறது, அவள் குளிக்கிறாள், போகும்போது நன்றி சொல்கிறாள்.

நான் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்தே ஓய்வுபெற்றவள். ஒருத்தர் பேயைப் பார்த்தேன் என்றால் சிரிக்க மாட்டேன். எந்தக் கிழமை, எந்த நேரம், அப்போது யார் கூட இருந்தார்கள் என்றுதான் கேட்பேன். ஆனால் நெவேன்காவிடம் கேட்கவில்லை. தனியாக இருக்கிறாள், ஏதோ சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவளோ அதையே மகனிடமும் போனில் சொல்லியிருக்கிறாள். போயான் மறுநாளே காரை எடுத்துக்கொண்டு வந்தான். அடுத்த வாரமும் வந்தான். நவம்பர் முழுக்க வந்தான். முதலில் ஹீட்டரைப் பார்த்தான், பிறகு அம்மாவையே உற்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை இல்லை. ஞாயிறு வந்து பார்க்கும்போது விளக்கு எரியாது. கடைசியில் நோவி சாதுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டான். நல்ல தோட்டம் இருக்கிறதாம். எங்கள் வீட்டு ஸ்லாவா முடிந்த மறுநாள் அம்மாவைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

ஸ்லாவா என்பது எங்கள் குடும்பத்துப் புனிதரின் நாள். எங்களுக்குப் புனித நிக்கோலா, டிசம்பரில் வரும். அதற்கு யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது, வருகிறவர்கள் வருவார்கள், வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது, மேசையில் மீனும் பீன்ஸும்தான். இந்தத் தடவை ஸ்லாவா ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நெவேன்கா பெட்டி கட்டத் தொடங்கியிருந்தாள். சுவர் வழியாக அலமாரிக் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மாடிக்கு நான் மணப்பெண்ணாக வந்தபோது, அடுப்பு மூட்டத் தெரியாமல் அழுதவளுக்கு அவள்தான் வந்து மூட்டிக்கொடுத்தாள். அவள் இல்லாத சுவரின் பக்கத்தில் எனக்கு வாழத் தெரியாது. அதை அவளிடம் சொல்லவும் எனக்கு வராது. அதனால் அந்த வாரம் முழுக்க ராதோயேவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திட்டுவதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை எங்கள் வீட்டு ஃப்யூஸ் போய்க்கொண்டிருந்தது. அவர் கீழ்வீட்டு கோஸ்டாவின் படகில் மீன் பிடிக்கப் போவார். கோஸ்டா படகைச் சனிக்கிழமை மட்டும்தான் கொடுப்பான். அவர் மீனோடு வந்து சேர்ந்ததும் நான் மின்சார அடுப்பைப் போடுவேன். டப் என்று ஃப்யூஸ் போகும். பழைய பீங்கான் ஃப்யூஸ். புதிது வாங்குவது ஆண்மைக்கு இழுக்கு என்பதுபோல ராதோயே ஒயரிலிருந்து ஓர் இழையை உருவி அதில் சுற்றிப் போடுவார். என் அடுப்புதான் சரியில்லை என்பார். திங்கட்கிழமை அதே அடுப்பில் ரொட்டி சுட்டால் ஒன்றும் ஆகாதே என்று நான் கேட்டால், திங்கட்கிழமை மின்சாரம் வேறு மாதிரி என்பார்.

ஸ்லாவாவுக்கு முந்தின நாளும் அப்படித்தான். பெரிய கெண்டை மீனோடு வந்தார். நதியில் மூடுபனியும் தூறலும், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைச் சுவிட்சின் மூக்கில் மாட்டினார். நான் மின்சார அடுப்பைப் போட்டேன். டப். அவர் இந்தத் தடவை தடிமனான இழையாகப் பார்த்துச் சுற்றிவிட்டு, இனி வீடு எரிந்தாலும் ஃப்யூஸ் போகாது என்றார். ஆறுதலாக இருந்தது.

கொஞ்சம் பீன்ஸ் எடுத்துக்கொண்டு நெவேன்கா வீட்டுக்குப் போனேன். குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"கடைசி தடவையா வந்திருக்காரு," என்றாள் நெவேன்கா. "விடை கொடுக்க."

நான் சுவரைத் தட்டி ராதோயேவைக் கூப்பிட்டேன். டெஸ்டரோடு வந்தார். இடுப்பில் கை வைத்து, தலையை ஆட்டி, கேட்க வேண்டியதைக் கேட்டார். பிறகு அவள் வீட்டு ஃப்யூஸ்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினார். விளக்குகள் அணைந்தன. ஃபிரிட்ஜ் முனகலை நிறுத்தியது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது. நெவேன்கா சிலுவை போட்டுக்கொண்டாள். ராதோயேவும் போட்டுக்கொண்டார், ஆனால் நான் பார்க்காதபடி.

கீழே மீட்டர் பலகையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். படிக்கட்டு குளிரும், அதனால் வீட்டுக்குள் போய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது. திரும்பி வந்து, தொப்பியை மாட்டிவிட்டு எங்களிடம் வந்தார். விளக்கு எரிந்தது. கீழே என்ன செய்தாய் என்றேன். ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்தேன் என்றார். மறுபடி போய்ச் சும்மா பார்க்கச் சொன்னேன். போனார், அணைந்தது. வந்தார், எரிந்தது. டிராம் பணிமனையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவர், தன் பார்வைக்கு இவ்வளவு சக்தியா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட நின்றார்.

நான் எங்கள் வீட்டுக்குப் போனேன். ஈரத் தொப்பி தன் கனத்தில் சுவிட்சின் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டு தொங்கியது. அதை இரண்டு விரலால் தூக்கினேன். மூக்கு மெல்ல மேலே ஏறியது.

"இப்போ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"போயிட்டாரு," என்றாள் நெவேன்கா அந்தப் பக்கத்திலிருந்து.

தொப்பியை மாட்டினேன். "இப்போ?"

"வந்துட்டாரு."

எல்லாம் விளங்கிவிட்டது. செத்த சுவிட்ச் சாகவில்லை. அதிலிருந்து சுவருக்குள் போகும் ஒரு ஒயர் நேராக நெவேன்காவின் ஹீட்டரில் போய் முடிகிறது. மீன் பிடித்துவிட்டு வரும் நாளில்தான் தொப்பி நனைகிறது, நனைந்தால்தான் கனக்கிறது. அவள் ஹீட்டரும் என் மின்சார அடுப்பும் சேர்ந்து இழுத்தால் எங்கள் ஃப்யூஸ் போகாமல் என்ன செய்யும்?

ராதோயே நாற்காலி போட்டு ஏறி, வாசல் கதவுக்கு மேலே வர்ணம் பூசி மறைந்துபோயிருந்த ஜங்ஷன் பாக்ஸின் மூடியைப் பெயர்த்தார். உள்ளே பார்த்ததும் அவருக்கு வந்ததே கோபம். இதை யார் செஞ்சது, கசாப்புக் கடைக்காரனா, கண் தெரியாதவனா, இவனையெல்லாம் மின்கம்பத்தில் கட்டிவைக்க வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டே முழங்கினார். படிக்கட்டு முழுக்கக் கேட்டது. கோஸ்டா மேலே வந்து, கைகட்டி நின்று ரசித்தான். அந்த ஒயரைப் போட்டவனின் தாய், தகப்பன், அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் என்று வரிசையாக எல்லோருக்கும் விழுந்தது.

திடீரென்று நின்றது. நாற்காலியில் நின்றபடி அவர் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியை மூடிவிட்டு இறங்கினார். நாளைக்குப் பார்க்கலாம், ஸ்லாவா வேலை இருக்கிறது என்றார்.

என் கணவர் பாதி வசவில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. கோஸ்டா போனதும் நாற்காலியில் நானே ஏறினேன். ஒயர்கள் இரண்டு முறுக்கிச் சேர்க்கப்பட்டிருந்தன. சேர்த்த இடத்தில் இன்சுலேஷன் டேப் இல்லை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது, பழுப்பேறி, துணி நூல் தெரிய.

அந்தப் பிளாஸ்திரியை எனக்குத் தெரியும். மின்வெட்டுக் காலம். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து இருட்டாக்கினார்கள். எங்கள் தெருப் பக்கத்துக்கு ஒரு லைன், நெவேன்காவின் முற்றத்துப் பக்கத்துக்கு வேறு லைன். அங்கே இருட்டாக இருக்கும்போது இங்கே வெளிச்சம் இருக்கும். அந்தக் குளிர்காலத்தில்தான் போயான் பிறந்தான். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது ராதோயேவும் ஸ்வெதோசாரும் எங்கள் சமையலறையில் ராக்கியாவோடு உட்கார்ந்திருந்தார்கள். ராதோயேவின் கட்டைவிரலில் பெரிய கட்டு. இனிமேல் கவலையில்லை, அவர்கள் பக்கம் இருட்டினால் நம் பக்கத்து மின்சாரத்தில் குழந்தைக்கு வெந்நீர் வரும், தற்காலிகமாக ஒரு ஒயர் போட்டிருக்கிறோம் என்றார்கள். என் மருந்துப் பெட்டியில் பிளாஸ்திரியின் வெறும் வட்டு மட்டும் இருந்தது. மின்வெட்டு போய்விட்டது, ஒயர் இருந்துவிட்டது.

ராதோயே மேசையில் உட்கார்ந்து தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமில்லாம வெட்டி விட்டுடறேன்," என்றார். "நாளையிலேருந்து விளக்கு எரியாது. பிரச்சினை முடிஞ்சுது."

விளக்கு எரியாமல் போனால் நெவேன்காவுக்குப் புத்தி தெளிந்துவிட்டது என்று போயான் நம்புவானா என்று கேட்டேன். அப்பா வருகிறார் என்று சொன்ன பெண்ணை, இப்போது அப்பா வருவதில்லை என்று சொன்னதும் விட்டுவிடுவானா. அவள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள் என்று அவனுக்கு யாராவது காட்ட வேண்டும். நான் சொன்னால் தோழிக்குப் பரிந்து பேசுகிறாள் என்பான். எலெக்ட்ரீஷியன் சொன்னால்தான் எடுபடும்.

"ஊரே கேட்டுச்சு விதா, நான் திட்டினதை," என்றார். "கோஸ்டா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அவ அழுதுக்கிட்டுப் போறதைவிட அது மேல்."

ஸ்லாவாவுக்கு ஏற்றுகிற மெழுகுவர்த்தி அணைகிற வரைக்கும் உனக்கு நேரம், அதற்குப் பிறகு நானே சொல்லிவிடுவேன் என்றேன். அவர் அந்த இரவு புரண்டு புரண்டு படுத்தார்.

மறுநாள் வீடு நிறைந்தது. பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி ஆசீர்வதித்துவிட்டுப் போனார். கோதுமை இனிப்பை ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தார்கள். போயானும் வந்தான், நரை எட்டிப் பார்க்கிற தலையும் தூங்காத கண்களுமாக. நெவேன்கா அவன் பக்கத்தில் கறுப்பு உடையில், மீன் முள்ளைப் பொறுமையாகப் பிரித்து அவன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கோஸ்டா இரண்டாவது கிளாஸ் முடிந்ததும் தொடங்கினான். நேற்று சொன்னாயே, அந்தக் கசாப்புக் கடைக்காரன் யாரென்று தெரிந்ததா, மின்கம்பம் தயாராக இருக்கிறதா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ராதோயே என்னைப் பார்த்தார். நான் பாதி எரிந்திருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தேன்.

எழுந்தார். போயானைப் பார்த்து, உன் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹீட்டரை எரியவிட்டது என் தொப்பி என்றார். மேசையில் சிரிப்பு இன்னும் பலத்தது. போயான் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள் மாமா, ஆனால் இப்படியெல்லாம் அம்மாவைக் காப்பாற்ற முடியாது என்றான்.

அந்தச் சொல் ராதோயேவுக்கு உறைத்தது. அவனைக் கையைப் பிடித்து எழுப்பி, அவன் அம்மா வீட்டுக் குளியலறையில் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் நெவேன்காவும் பின்னால் போனோம். ராதோயே திரும்பிப் போய்த் தொப்பியை மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இரவெல்லாம் ரேடியேட்டர் மேல் கிடந்து காய்ந்துபோயிருந்தது. விருந்தாளிகள் கழுத்தை நீட்டிப் பார்க்க, அவர் சமையலறைக்குப் போய், கழுவாத தட்டுகளுக்கு நடுவில் குழாயைத் திறந்து தொப்பியை நன்றாக நனைத்தார். சொட்டச் சொட்டக் கொண்டுவந்து மாட்டினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

போயான் அதைப் பார்த்தான். தொப்பியை எடுக்கச் சொன்னான், அணைந்தது. மாட்டச் சொன்னான், எரிந்தது. அவனும் இந்த ஊர் ஆண்தானே. கை தானாக இடுப்புக்குப் போனது, தலை ஆடியது.

"இதை யார் செஞ்சது?" என்றான்.

ராதோயே ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கோஸ்டாவும் இருந்தான்.

"நான்தான்," என்றார். "நானும் உங்க அப்பாவும். நீ பொறந்த குளிர்காலத்துல. இந்தப் பக்கம் கரண்ட் இருக்காது, உன்னைக் குளிப்பாட்டணும். அதுக்குப் போட்டது."

கோஸ்டா சிரிக்கவில்லை. போயான் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். ஹீட்டரின் மேல் கை வைத்துப் பார்த்தான். அது மெல்ல சூடாகத் தொடங்கியிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்து, பெட்டியைப் பிரித்துவிடு அம்மா என்றான்.

விருந்தாளிகள் போன பிறகு நெவேன்கா எனக்குத் தட்டு துடைக்க உதவினாள். நான் நேற்றிலிருந்து அடக்கிவைத்திருந்த பெருமையோடு, பார்த்தாயா, கடைசியில் உன் ஸ்வெதோசார் ஒரு தொப்பியாகிவிட்டாரே, வருத்தமா என்று கேட்டேன்.

"எனக்கு அக்டோபர்லயே தெரியும்டி," என்றாள்.

துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"உன் வீட்டுக் கதவு திறக்கும், ராதோயே இருமுவான், விளக்கு எரியும். அந்த ஒயர்ல எத்தனை தடவை குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கேன், மறக்குமா? ஸ்வெதோசாராம். கல்யாணம் ஆனதிலேருந்து எனக்காக ஒரு சுவிட்சைத் தட்டினதில்லை அந்த மனுஷன். செத்த பிறகா திருந்துவாரு?"

நேற்று சிலுவை போட்டாயே என்றேன். ராதோயே ஃப்யூஸைக் கழற்றிய வேகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, அதை அடக்கத்தான் என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வாரம் நான் தூங்கவில்லை, பைத்தியம் என்று பெயர் வாங்கி ஊரைவிட்டே போகப் பார்த்தாயே, எதற்கு இதெல்லாம் என்று கத்தினேன்.

அவள் துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

"தண்ணி சூடாகுதுன்னா, மெக்கானிக்கைக் கூப்பிடுன்னு போனை வச்சிடுவான். அப்பா வராருன்னு சொன்னேன், ஓடி வந்தான். வாராவாரம் வந்தான், விதா. எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டான். அப்புறம் இல்லம் அது இதுன்னு போயிடுச்சு. பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா வரவே மாட்டான். ஒத்துக்கலைன்னா கூட்டிட்டுப் போயிடுவான். எனக்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். கையில் மீன் வாடை என்று அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

போயான், அந்த ஒயரை வைத்திருப்பது ஆபத்து, நானே எடுத்துவிடுகிறேன் என்றான். வேலையில் மாற்றிக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே வந்தான், கடையிலிருந்து அப்படியே எடுத்து வந்த பளபளக்கும் கருவிப் பெட்டியோடு. வாழ்க்கையில் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருப்பானோ என்னவோ. முதலில் ராதோயே பக்கத்தில் நின்று எங்கள் சுவிட்சிலிருந்து அதைத் துண்டித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் என் ஃப்யூஸும் போகவில்லை. மீதியை, சுவருக்குள் இருக்கும் பழைய ஒயரை உருவி எடுத்துப் புது லைன் போடுவதை, தானே செய்வதாகச் சொன்னான். ஒரு வாரம் ஒரு பக்கத்துக் காரையைப் பெயர்த்தான். மறுவாரம் அதைப் பூசினான். ராதோயே போய்ப் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல், இதை யார் செஞ்சது என்று கேட்டுவிட்டு வருவார். அப்பா பிள்ளைதான், தற்காலிகமாகச் செய்கிறான் என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை தானூபில் பனிக்கட்டி மிதந்தது. ராதோயே மீன் பிடிக்கப் போகவில்லை. கொக்கி இன்னும் அடிக்கவில்லை என்பதால் தொப்பியை வீட்டுக்குள்ளேயே தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவித்த உருளைக்கிழங்கோடு போனேன்.

குளியலறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் போயான் தரையில் உட்கார்ந்து, கருவிகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தான். சுவரில் புதிய பூச்சு காய்ந்து வெள்ளையாக இருந்தது. புதிய லைன், புதிய சுவிட்ச், ஒரு குறையும் இல்லை. சமையலறையில் நெவேன்கா பாத்திரத்தைக் கிளறும் சத்தம் வந்தது.

"அம்மாவுக்குத் தண்ணி போட்டு வச்சேன்," என்றான்.

வேலை எப்போது முடியும் என்று கேட்டேன். அவன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"போன மாசமே முடிஞ்சிடுச்சு அத்தை," என்றான் மெதுவாக. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

நான் உருளைக்கிழங்கை நெவேன்காவிடம் கொடுத்தேன். பையன் இன்னும் முடிக்கவில்லையா என்று கேட்டேன். பெரிய வேலை, இப்போதைக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை என்றாள், கண்ணை என் பக்கம் திருப்பாமல். அடுப்பில் மூன்று பேருக்கு வேண்டிய சூப் இருந்தது, என்னையும் உட்காரச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ராதோயே, அந்தப் பையன் ஒயரை முடித்தானா என்று கேட்டார்.

"இல்ல," என்றேன். "இன்னும் நிறைய இருக்கு."